நாலாம் பாத்தியின் வானம்

கங்காணி லிங்கத்துரை அரிவாள் நுனியால் சணலை அறுத்தார், ரோசம்மா சாக்கை உரித்தாள், சாக்குக்குள் இருந்த அட்டையையும் அட்டைக்குள் சுற்றியிருந்த பழைய வேட்டியையும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தபோது ஆளுயரப் படம் ஒன்று உப்பளக் கொட்டகையின் நடுவில் எண்ணெய் மணத்தோடு நின்றது, அது யார் பெயருக்கு வந்திருந்ததோ அந்தப் பட்டுத்தாய் மட்டும் கஞ்சித் தூக்கின் மூடியைக் கையில் பிடித்தபடி எட்டடி தள்ளி நின்றாள்.

“யக்கா, கிட்ட வா. ஒம்மவ சுயம்பு அனுப்பிருக்கா,” என்றாள் ரோசம்மா.

“கடுதாசி இருக்கா பாரு.”

சாக்கை உதறினார்கள், அட்டையைத் தட்டினார்கள், வேட்டியை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தார்கள். கடுதாசி இல்லை. பட்டுத்தாய், நாலாம் பாத்தி, சங்குத்திட்டு உப்பளம் என்று சாக்கின்மேல் முகவரி இருந்தது, அனுப்புபவர் பெயராகச் சுயம்பு என்று இருந்தது, எந்த ஊர் என்பதும் எந்தத் தேதி என்பதும் எழுதியிருந்த இடத்தில் தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. நான்கு வருஷமாக இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத மகளிடமிருந்து வந்த முதல் சேதி அது, அதிலும் அவள் எப்போது இருந்தாள் என்பது கரைந்துபோயிருந்தது.

படத்தில் ஒரு ஆள் நின்றது. உடம்பு முழுவதும் ஒரே இழுப்பில் தீட்டியது, முகம் பச்சை, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம், வாய் ஒரு கீறல், ஒரு கை தொங்கிக்கொண்டிருக்க மற்றக் கை உடம்பைவிட நீளமாக உயர்ந்திருந்தது. ஆளைச் சுற்றிலும் மஞ்சளையும் சிவப்பையும் மயில்நீலத்தையும் கரண்டியால் அள்ளி அப்பிச் சுழற்றிவிட்டிருந்தது, பார்த்தால் அது வானம் என்று தெரிந்தது. வானத்தின் உச்சியில் ஒரு ஓரமாகக் கறுப்பு உருண்டை ஒன்று விளிம்பு கலைந்து கிடந்தது. அடியில் நாலு விரல் அகலத்துக்கு மண் நிறப் பட்டை, கால்கள் அதில் ஊன்றியிருந்தன.

“எந்தப் பக்கம் மேல?” என்று கேட்டார் லிங்கத்துரை.

“தல இருக்க பக்கந்தான் மேல. கேக்காரு பாரு கேள்வி.”

தலை மேலே வரும்படி தூக்கினார்கள். படத்தின் பின்புறத் துணியில் கரித்துண்டால் சுயம்பு என்று எழுதியிருந்தது, தூக்கியபோது அந்தப் பெயர் தலைகீழாக வந்தது.

“பின்னால பேரு தலகீழா நிக்கே,” என்றாள் ரோசம்மா.

“பேரு தலகீழா நிக்கலாம், ஆளு நிக்கப்படாது. தூக்கு.”

கொட்டகையின் நடுத்தூணில் ஆணி அடித்து மாட்டி லிங்கத்துரை கையை எடுத்ததும் படத்திலிருந்த வானம் கிளம்பியது. அதற்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. படுத்திருந்த மாடு எழுந்திருப்பதுபோல முதலில் பின்பாதியைத் தூக்கி, பிறகு முன்பாதியைத் தூக்கி, ஓலைக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாக வெளியே போய், உப்பளத்துக்கு மேல் ஏறி, கிழக்கே கடல் வரைக்கும் மேற்கே ரயில் ரோடு வரைக்கும் தன்னை இழுத்து விரித்துக்கொண்டு படுத்தது. மேலே வைத்துவிட்டார்கள் என்பதால் தான் வானம்தான் என்று அது முடிவு செய்துகொண்டதோ என்னவோ. கொட்டகையில் மாட்டியிருந்த துணியில் கை உயர்த்திய ஆளும் மண் நிறப் பட்டையும் மட்டும் மிச்சம், மற்ற இடமெல்லாம் வெள்ளை.

பகல் பதினொன்றரை மணிக்கு ஐம்பது பேர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தூரிகையின் மயிர்க்கோடுகள் தெரிந்தன, ஒவ்வொரு கோடும் ஒரு பனை நீளம். சூரியன் இருந்த இடத்தில் மஞ்சள் கட்டியாகத் திரண்டு, சொட்டி விழுந்துவிடுமோ என்பதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் விழவில்லை. இருபது முப்பது வருஷமாக உப்பின் வெளிச்சத்துக்குப் பயந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கண்ணாடியைக் கழற்றினார்கள், கழற்றிய பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி இத்தனை நாள் பார்த்ததில்லை என்பதுபோல் பார்த்தார்கள். எங்கோ ஒரு லாரி பின்னோக்கி நகரும் சத்தம் மட்டும் கேட்டு அதுவும் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து லிங்கத்துரை, “சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது,” என்றார். எல்லோரும் பாத்திக்குப் போனார்கள்.

புரட்டாசி கடைசி அது. மாசியில் பாத்தி மிதித்துத் தொடங்கிய வேலை முடிகிற நேரம், எட்டு மாத உப்பும் மேட்டில் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிற நேரம், மழை வருவதற்குள் இன்னும் ஒரு வாரல் வாரிவிடலாமா, இல்லை அம்பாரத்தை இப்போதே ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடிவிடலாமா என்று தினமும் வானத்தைப் பார்த்துப் பார்த்து முடிவைத் தள்ளிப்போடுகிற நேரம். மூடிவிட்டால் அன்றோடு வேலை முடிந்தது, தை வரைக்கும் அடுப்பு எரிய வேறு வழி பார்க்க வேண்டும். மூடாமல் விட்டு ஒரு மழை பெய்தால் எட்டு மாதமும் கரைந்து ஓடையில் போகும். சங்குத்திட்டில் பிறந்தவர்களுக்கு வானத்தைப் படிப்பது எழுத்தைப் படிப்பதற்கு முன்பே வந்துவிடும். இப்போது படிக்க முடியாத ஒரு வானம் மேலே கிடந்தது.

இருந்தாலும் ஊர் அதைப் பழகிக்கொண்டது. தொம்மை டீக்கடையில் பன்றிமயிர் போன்ற தூரிகை மயிர்கள் அவ்வப்போது மேலிருந்து விழுந்தன, தொம்மை அவற்றை டம்ளரிலிருந்து இரண்டு விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, “இதுக்குத் தனியா ஒண்ணும் வாங்கலவே, குடி,” என்றார். கொக்குகள் கெட்டிச் சாயத்தின் மேடுகளைச் சுற்றிப் பறக்க மூன்று நாளில் கற்றுக்கொண்டன. நிழல்கள் கறுப்பாக விழுவதை நிறுத்திவிட்டு ஆளுக்கு ஒரு நிறமாக விழுந்தன, யாருக்குப் பச்சை யாருக்கு ஊதா என்று நாலு நாளில் எல்லோருக்கும் மனப்பாடமானது, பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளை என்ன வேலை என்பதோடு என்ன நிழல் என்றும் விசாரித்தார்கள். பூசாரி உச்சிக்காலம் எப்போது என்று தெரியாமல் மாதா கோயில் மணியைக் கேட்டுப் பூசை வைத்தார், மாதா கோயில் சாமியாரும் பூசாரியின் சங்கைக் கேட்டே மணி அடிக்கச் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது, அதற்குள் ஊரின் நண்பகல் ஒரு மணி நேரம் நகர்ந்திருந்தது, யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. பாத்தியில் விளைந்த உப்பு லேசாக மாதுளை நிறத்தில் இருந்தது. லாரிக்காரர்கள் ஏற்ற மாட்டோம் என்றார்கள், ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், பிறகு ஏற்றினார்கள். வானொலியில் வறண்ட வானிலை நிலவும் என்று சொன்னார்கள், அவர்கள் எந்த வானத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று தொம்மை கேட்டார்.

பழக முடியாமல் இருந்தது அந்தக் கறுப்பு உருண்டை மட்டும்தான். வடகிழக்கில், மழை வருகிற திசையில், ஊரில் பாதி அளவுக்கு அது நின்றது. அசைகிறதா என்றால் அசைந்ததுபோல் இருந்தது, பனை மரத்தை அடையாளம் வைத்துப் பார்த்தால் அசையவில்லை. வருகிற மேகம் என்று சிலர் சொன்னார்கள், வந்து போகிற மேகம் என்று சிலர் சொன்னார்கள். ரயில் ரோட்டுக்கு மேற்கே மானாவாரி நிலம் வைத்திருக்கிறவர்கள், கம்பும் உளுந்தும் விதைத்துவிட்டு மழைக்கு அண்ணாந்துகொண்டிருந்தவர்கள், குடும்பம் குடும்பமாக வந்து உருண்டைக்கு நேர் கீழே தேங்காய் உடைத்தார்கள். அவர்கள் உடைத்த தேங்காய்ச் சில்லை மிதித்துக்கொண்டுதான் உப்பளத்துப் பெண்கள் வேலைக்குப் போனார்கள், மிதித்தபடியே அது வந்த வழியே போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். ஒரே கறுப்பைப் பார்த்து ஒரு பக்கம் கும்பிட்டது, ஒரு பக்கம் பயந்தது, இரண்டு பக்கமும் தங்கள் சந்தேகம் தீராமல் கொட்டகைக்கு வந்து, படத்தில் மிச்சமிருந்த ஆளிடம் கேட்டது. கை உயர்த்தியிருக்கிறதே, அது மழையைக் கூப்பிடுகிற கையா, நில் என்று தடுக்கிற கையா, இல்லை முங்கிக்கொண்டிருக்கிறவளின் கையா?

பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஆவுடையப்பனைக் கூட்டி வந்தார்கள். அவர் படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார், பின்னால் போய்ப் பார்த்தார், வெளியே போய் வானத்தைப் பார்த்தார், திரும்பி வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

“இது கண்ணால பாத்து வரைஞ்ச படம் இல்ல. உள்ள இருக்கிறதைத் தூக்கி வெளிய போட்டு வரைஞ்சது. இந்த மாதிரிப் படத்துல மூஞ்சி பச்சையா இருந்தா மூஞ்சி பச்சைன்னு அர்த்தம் இல்ல.”

“பின்ன?”

“மனசு அப்படி இருக்குன்னு அர்த்தம். இந்த மஞ்சளைப் பாருங்க, அடியிலேருந்து மேல ஏறுது, அது நம்பிக்கை. ஆனா இந்த ஓரமெல்லாம் எப்படிக் கலைஞ்சிருக்கு பாருங்க, எது எங்க முடியுதுன்னு அவளுக்கே தெரியல. அது நிச்சயமில்லாம இருக்கிறது. ரெண்டும் இருக்கு.”

“சாரு, ரெண்டும்னா எப்படி?” என்றார் லிங்கத்துரை. “அம்பாரத்த மூடவா வேண்டாமா? அத ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

“ஒத்த வார்த்தையில சொல்றதா இருந்தா அவ எதுக்கு இவ்வளவு பெரிசா வரையணும்?” என்றார் ஆவுடையப்பன். பத்தாம் வகுப்பில் சுயம்புவுக்குத் தன் சொந்தச் சாயப்பெட்டியைக் கொடுத்தவர் அவர், அதற்காகப் பட்டுத்தாயிடம் ஏச்சு வாங்கியவரும் அவர்தான். போகும்போது அவளிடம் மட்டும் தணிந்த குரலில், “நல்லா வந்துட்டா தாயி,” என்றார்.

“உசுரோட இருக்காளா சார்? படத்தப் பாத்தாத் தெரியுமா?”

ஆவுடையப்பன் செருப்பை மாட்டினார்.

பட்டுத்தாய் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ரேஷன் கடை ஐகோர்ட்துரை அவளிடம் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் கொடுத்திருந்தார். அட்டையில் இரண்டு பேர், ஆனால் கைரேகை வைக்க ஒரு ஆள்தான் வருகிறது, குறித்த கெடுவுக்குள் மற்ற ஆள் வந்து ரேகை வைக்காவிட்டால் பெயரை நீக்க வேண்டும், நீக்கும் காரணத்துக்கு இரண்டு கட்டம் இருக்கிறது, இறந்தவர், இடம் பெயர்ந்தவர், ஏதாவது ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். பாரம் அவள் இடுப்பில் மூன்று வாரமாக இருந்தது, வியர்வையில் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து உப்புப் பூத்திருந்தது. இறந்தவர் என்று போட அவள் கை வராது. இடம் பெயர்ந்தவர் என்று போட்டால், போனவள் போனவளாகவே இருக்கட்டும் என்று தாயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். நான்கு வருஷத்துக்கு முன்னால் வாயால் சொன்னதை இப்போது எழுத்தில் கேட்கிறார்கள்.

படம் வந்த சேதி கேட்டு ஐகோர்ட்துரையே கொட்டகைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. படத்தை மூக்கு உரசப் பார்த்தவர் ஒரு ஓரத்தில், மண் நிறப் பட்டையில், சாயம் ஈரமாக இருந்தபோது அழுந்திய ஒரு கட்டைவிரல் ரேகையைக் கண்டுபிடித்தார். ஊரே எட்டிப் பார்த்தது.

“மெசினக் கொண்டாரும்வே,” என்றாள் ரோசம்மா.

“சித்திரத்துக்கு ரேகை எடுக்கச் சொல்லுதியா?”

“சித்திரத்துல இருக்கது நெசக் கை. வந்து வச்சுட்டுப் போயிருக்கு. ஒம்ம மெசினுக்குக் கண்ணு இருக்குன்னா பாக்கட்டும்.”

கொண்டுவந்தார். இரண்டு பேர் படத்தைச் சாய்த்துப் பிடிக்க, ஐகோர்ட்துரை மெஷினின் சிவப்பு வெளிச்சத்தை அந்த ரேகைமேல் வைத்தார். மெஷின் நெடுநேரம் யோசித்தது. மேற்கிலிருந்து தேங்காயோடு வந்தவர்கள்கூட உடைக்காமல் நின்றார்கள். பட்டுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் மெஷின் ஒரு பெண் குரலில், மீண்டும் முயற்சிக்கவும், என்றது.

“இல்லன்னு சொல்லலயே,” என்றாள் ரோசம்மா.

“ஆமான்னும் சொல்லல,” என்றார் ஐகோர்ட்துரை. ஆனால் மறுநாளும் வந்து முயன்றார், அதற்கு மறுநாளும் வந்தார். மெஷின் அதே குரலில் அதையே சொன்னது.

அந்தக் கை எந்தக் கை என்பது பட்டுத்தாய்க்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உப்பு வாருகிறவளுக்கு நாள் முழுக்கக் குனிந்த தலைதான். வரப்பில் யார் வந்து நின்றாலும் அவள் பார்ப்பது தண்ணீரில்தான். சுயம்பு பள்ளிக்கூடம் விட்டுக் கஞ்சித் தூக்கோடு வந்து எதிர் வரப்பில் நிற்பாள், பட்டுத்தாய் அவளைப் பாத்தித் தண்ணீரில் பார்த்து, அங்ஙன வச்சிட்டுப் போ என்பாள். பரிசு வாங்கிய படத்தை ஒருநாள் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதையும் பட்டுத்தாய் தண்ணீரில் பார்த்தாள், அதற்குள் உப்பு இழுக்கும் பலகை போய்த் தண்ணீர் கலங்கிவிட்டது. எம்மா, ஒரு தடவயாவது நிமிந்து பாரேன் என்று அந்தப் பிள்ளை சொல்லும். நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பிறகு குனிய நேரமாகும், பிந்தினால் லிங்கத்துரை சத்தம் போடுவார். வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருபது வருஷம் போனது.

கடைசி நாளும் அப்படித்தான். படம் படிக்கப் பட்டணம் போகக் கூடாது என்று மூன்று நாள் சண்டை, சாயப்பெட்டியைத் தூக்கி ஓடையில் எறிந்தாயிற்று, நான்காம் நாள் காலையில் சுயம்பு எதிர் வரப்பில் பையோடு வந்து நின்றாள். போறேம்மா என்றாள். பட்டுத்தாய் நிமிரவில்லை. அன்றைக்கு இடுப்பு காரணமில்லை, கோபம். போறவ அப்படியே போ, திரும்பி இந்த வரப்ப மிதிக்காத என்று தண்ணீரிடம் சொன்னாள். தண்ணீரில் இருந்த சுயம்புவின் கை உயர்ந்தது. அவ்வளவுதான் தெரிந்தது, பலகை இழுத்துக்கொண்டிருந்தது, அலை வந்து அந்தக் கையை நீளமாக இழுத்து உடைத்துவிட்டது. தண்ணீர் தெளிந்தபோது வரப்பு வெறுமையாக இருந்தது. போகிறேன் என்று காட்டிய கையா, நிறுத்து என்னைக் கூப்பிடு என்ற கையா, கண்ணைத் துடைக்கப் போன கையா என்று நான்கு வருஷமாக அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது ஊர் முழுவதும் கொட்டகையில் நின்று சத்தமாகக் கேட்டது.

ஐப்பசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது லிங்கத்துரையால் தாங்க முடியவில்லை. எல்லோரையும் மேட்டில் கூட்டினார். பெரிய முதலாளி டவுனிலிருந்து போன்மேல் போன் போடுகிறார், இன்றைக்கு ஒரு முடிவு வேண்டும் என்றார். பாதிப் பேர் மூடு என்றார்கள், பாதிப் பேர் வாரு என்றார்கள். தை வரைக்கும் எங்களுக்கும் சேத்து உங்க வீட்டுல ஒலை வைக்கீகளா என்று ஒருத்தி கேட்டாள், கரைஞ்சு போச்சுன்னா ஓடையில போயி வாருவியா என்று இன்னொருத்தி கேட்டாள். மெல்ல மெல்ல எல்லோரும் பட்டுத்தாயைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“ஒம்மவ வானந்தான,” என்றார் லிங்கத்துரை. அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். “ஒனக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும்? வருதா போவுதா, நீ சொல்லு. நீ சொன்னபடி செய்யுதோம்.”

ஐம்பது பேரின் ஐம்பது நிற நிழல்களும் அவள் காலடியில் வந்து முடிந்தன. பட்டுத்தாய் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்தது, மேலே பார்த்துப் பழகாத கழுத்து அது, பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

“எனக்கு நிமிந்து பாத்தா ஒண்ணும் தெரியாது,” என்றாள். “கொஞ்சம் இருங்க.”

நாலாம் பாத்திக்குப் போய்ப் பலகையைப் பிடித்துக் குனிந்தாள். வாரவில்லை. குனிந்து நின்றாள், அவ்வளவுதான். தண்ணீர் தெளிந்தது. மஞ்சளும் சிவப்பும் மயில்நீலமும் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்தன, தலைகீழாகக் கிடந்தபோது முதல் தடவையாக அவை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதுபோல் தோன்றியது. கறுப்பு உருண்டை தண்ணீரில் அவள் பக்கமாக மிதந்தது. அவள் ஓரடி நகர்ந்தாள். இன்னும் அரையடி. தண்ணீரில் இருந்த அவள் தலையும் அந்த உருண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வந்து பொருந்தின, இடதுபக்கம் முடிந்த முக்காட்டுத் துண்டின் முடிச்சு உருண்டையின் கலைந்த விளிம்பில் போய் உட்கார்ந்தது, ஒரு மயிரிழைகூட வெளியே நிற்கவில்லை.

பட்டுத்தாய்க்கு விளங்கியது. மேற்கே இருக்கிறவர்கள் பத்து நாளாகத் தேங்காய் உடைத்தது தன் தலைக்கு. ரோசம்மாவும் மற்றவர்களும் பயந்தது தன் தலைக்கு. எட்டு மாத உப்புக்கு மேல் வருவேனா போவேனா என்று தொங்கிக்கொண்டிருந்தது, நிமிராத தன் தலை. அந்தப் பிள்ளை, தான் நின்று பார்த்ததை வரையவில்லை, அம்மா குனிந்து என்ன பார்த்தாள் என்பதை அம்மாவின் கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டு வரைந்திருக்கிறாள்.

அவள் கொட்டகைக்கு நடந்தாள். கூட்டம் பின்னாலேயே வந்தது. படத்தை ஆணியிலிருந்து எடுத்து, பின்பக்கம் திருப்பி, சுயம்பு என்ற பெயர் நேராக வரும்படி சுற்றி, முன்பக்கம் தெரியத் திரும்ப மாட்டினாள். மண் நிறப் பட்டை மேலே போனது. கால்கள் மேலே, தலை கீழே, நீண்ட கை பார்க்கிறவரை நோக்கிக் கீழே இறங்கியது.

“யக்கா, பிள்ளைய தலகீழா தொங்க விட்டுட்டியே,” என்றாள் ரோசம்மா.

“தொங்கல. வரப்புல நிக்கா. தண்ணியில பாரு.”

ரோசம்மா உப்பு வாருகிறவள் குனிகிற மாதிரிக் குனிந்து பார்த்தாள். லிங்கத்துரை குனிந்தார். ஐகோர்ட்துரை மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இடுப்பை வளைத்துப் பார்த்தார்கள். வரப்பில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்பதை, எத்தனையோ வருஷமாக அவரவர் பாத்தியில் அவரவர் பிள்ளைகள் வந்து நின்றதை, அவர்கள் எல்லோருக்கும் அந்தக் குனிந்த நிலையில்தான் பார்க்கத் தெரிந்திருந்தது.

“அப்போ அந்தக் கறுப்பு?” என்று கேட்டார் லிங்கத்துரை, குனிந்தபடியே.

“அது மேகம் இல்ல. நாந்தான்.”

வெளியே வானம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஏறியதுபோலவே நிதானமாக, முன்பாதியை மடக்கி, பிறகு பின்பாதியை மடக்கி, உப்பளத்தின் முந்நூறு பாத்திகளிலும் தன்னைப் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டு, தண்ணீருக்கடியில் போய்ப் படுத்தது. மேலே வெறும் நீலம் மிஞ்சியது, ஒரு கோடும் இல்லாத நீலம், ஊர் அதைப் பத்து நாளுக்கு முன்னால் பார்த்த அதே நீலம், இருந்தாலும் எல்லோரும் அதையும் வாய் திறந்து பார்த்தார்கள். நிழல்கள் கறுப்பாயின. பெண்கள் கறுப்புக் கண்ணாடியைத் தேடினார்கள். கீழ்வானத்தில், கடலை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் நிஜமான மேகம் ஒன்று இருந்தது. அதைப் படிக்க எல்லோருக்கும் தெரிந்தது.

“நாலு நாள் இருக்கு,” என்றார் லிங்கத்துரை.

“மூணு,” என்றாள் ரோசம்மா.

“மூணுன்னே வையி. ஒரு வாரல் வாரிட்டு மூடிருவோம்.”

மேற்கேயிருந்து வந்தவர்களும் அந்த மேகத்தைப் பார்த்தார்கள், மிச்சத் தேங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நிலத்துக்குக் கரை போட நேரமாச்சு என்று ரயில் ரோடு தாண்டிப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஐகோர்ட்துரை இருமினார். நாளைக்குக் கெடு முடிகிறது என்றார். பட்டுத்தாய் இடுப்பிலிருந்து பாரத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு கட்டமும் காலியாக இருந்தன. தலைகீழாக மாட்டியதில் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பாரத்தை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், படத்துக்கும் தூணுக்கும் நடுவில் செருகி அழுத்தினாள். படம் ஆடுவது நின்றது.

“ரேகைக்கு?” என்றார் ஐகோர்ட்துரை.

“மெசின் என்ன சொல்லுச்சு?”

“மீண்டும் முயற்சிக்கவும்னு.”

“அதத்தான் செய்யணும்,” என்றாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது நாலாம் பாத்தியில் அவள் இருந்தாள். பக்கத்துப் பாத்தியில் ரோசம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, பல் வலிக்குக் கிராம்பு நல்லதா உப்பு நல்லதா என்று யாரிடமோ வாதம் செய்துகொண்டே வாரினாள். லிங்கத்துரை ஓலை வண்டிக்காரனை ஏசிக்கொண்டிருந்தார். கொட்டகையில் துணி ஏறக்குறைய முழுவதும் வெள்ளையாக இருந்தது, ராத்திரியில் அந்த ஆளும் இறங்கிப் போயிருந்தது, மண் நிறப் பட்டையும் அதில் கட்டைவிரல் ரேகையும் மட்டும் இருந்தன, வேலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தூக்கை ஆணியில் மாட்டிவிட்டுப் பாத்திக்குப் போனார்கள். பாத்திகள் எல்லாவற்றிலும் மஞ்சளும் சிவப்பும் மயில்நீலமும் தண்ணீருக்கடியில் சுழன்றன, பலகை படும்போது கலைந்தன, எடுத்ததும் கூடின. பாத்தி பாத்தியாகக் குனிந்த தலைகள் கறுப்பு உருண்டைகளாக மிதந்தன.

பட்டுத்தாய் பலகையை இழுத்து உப்பை ஓரத்துக்குக் கொண்டுவந்தாள், தள்ளினாள், இழுத்தாள். எதிர் வரப்பை ஒட்டித் தண்ணீரில் ஏதோ நிறம் மாறியது. இரண்டு கால்கள் வரப்பிலிருந்து கீழ்நோக்கி வளர்ந்தன, உடம்பு வந்தது, முகம் வந்தது, பச்சையா மாநிறமா என்று அந்தத் தண்ணீரில் சொல்ல முடியவில்லை. படத்திலிருந்து இறங்கியதுதான் இங்கே வந்து கிடக்கிறதா, வரப்பில் ஆள் நிற்கிறதா என்றும் சொல்ல முடியவில்லை. தொங்கிக்கொண்டிருந்த ஒரு கை மெல்ல நீண்டு அவளை நோக்கி வந்தது. அவள் பலகையை இழுக்கவில்லை. அலை ஒவ்வொன்றாக அடங்கி, கடைசி அலை அவள் கணுக்காலில் வந்து முடிந்து, தண்ணீர் கண்ணாடியாக நின்றது. இடுப்பு வலித்தது, எப்போதும் வலிக்கும் இடத்தில்.

பக்கத்துப் பாத்தியில் ரோசம்மா, உப்புதான் நல்லது என்று முடிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பட்டுத்தாய் பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், நிமிர்ந்தாள்.